ஆளுக்கு ஓர் இலைத் தேன்

ஒரு காட்டில் மல்லாயி என்றொரு கரடி இருந்தது. அதற்கு ஒரே குட்டி. பெயர் தும்பி.

கோடை வந்தது. குட்டிகளுக்குப் பாடம் சொல்லும் கொக்கு வாத்தியார் ஒரு மாதம் விடுமுறை விட்டுவிட்டார். அந்த மாதத்தில்தான் இலுப்பை மரங்கள் பூவைக் கொட்டும். பலா பழுக்கும். தேனடைகள் நிறைந்து சொட்டும். போதாக்குறைக்கு, பாதிக் குட்டிகளின் பிறந்தநாளும் அந்த மாதத்திலேயே வரும்!

முதல் விருந்து சிங்காரி என்ற மந்தியின் வீட்டில். அதன் மகன் கிச்சானுக்கு அன்று பிறந்தநாள். ஒன்றல்ல, நான்கு தேனடைகள்! குவியல் குவியலாகப் பலாச்சுளை! தோட்டத்தில் ஒடித்து வந்த கரும்பு வேறு!

"தின்னுங்க கண்ணுகளா! பிறந்தநாளன்னிக்குமா அளவு பார்க்கிறது?" என்று சிங்காரி அள்ளி அள்ளிக் கொடுத்தது.

குட்டிகள் தின்றன, தின்றன, எழுந்திருக்க முடியாதவரை தின்றன. கிச்சான் கிளையிலிருந்து இறங்கித் தரையிலேயே படுத்துவிட்டது. தும்பி வீடு திரும்பும் வழியில் வழக்கம்போல மருத மரத்தில் ஏறப் பார்த்தது. பாதியில் வழுக்கிப் பொத்தென்று விழுந்தது.

"அம்மா, வயிறு வலிக்குதே!" என்று சுருண்டுகொண்டது.

மறுநாள் மல்லாயி புற்றைத் தோண்டி, தும்பி ஆசையாகத் தின்னும் கறையானைக் காட்டினாலும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குள் அணில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அங்கேயும் அதே கதை. அடுத்து மரநாய் வீடு. அங்கேயும் அதேதான். துள்ளிக்கொண்டிருந்த தும்பி, எதற்கெடுத்தாலும் சிணுங்கும் குட்டியாகிவிட்டது.

மல்லாயி பார்த்துக்கொண்டே இருந்தது. தடுத்தால் பிள்ளை ஏங்கும். விட்டால் பிள்ளை கெடும். என்ன செய்வது?

தும்பியின் பிறந்தநாள் வந்தது. மல்லாயி எல்லோரையும் ஓடைக்கரைக்கு அழைத்தது. ஒவ்வொரு குட்டியின் முன்னாலும் ஒரு சின்னப் புங்க இலை. அதில் கொஞ்சம் தேன். பக்கத்தில் ஒரு குவியல் காட்டு நெல்லி. அவ்வளவுதான்!

சிங்காரி கைகொட்டிச் சிரித்தது. "ஏண்டி மல்லாயி! இந்தக் காட்டிலேயே தேன் எடுக்கிறதுல உன்னை மிஞ்ச ஆளில்லை. உன் வீட்டு விருந்திலா இந்தக் கஞ்சத்தனம்?"

மற்றத் தாய்களும் சேர்ந்து சிரித்தன. தும்பியின் கண்கள் நிறைந்தன.

"அம்மா, எல்லாரும் சிரிக்கிறாங்க. இன்னும் ஒரே ஒரு அடை எடுத்துட்டு வாயேன்!"

மல்லாயி பின்னாலிருந்த பாறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அதில் ஏறினால் போதும், கண்மூடித் திறப்பதற்குள் ஓர் அடை கிடைக்கும். ஆனாலும் அது அசையவில்லை. குட்டியை அணைத்துக்கொண்டது.

"தேன் உனக்குப் பிடிக்கும், ராசா. அதனாலதான் கொடுத்தேன். அது போதும். இப்ப எல்லாரும் ஒரு நெல்லிக்காயைக் கடிச்சு, உடனே ஓடைத் தண்ணியைக் குடிங்க பார்க்கலாம்!"

கிச்சான் கடித்தது. முகத்தைச் சுளித்தது. தண்ணீரைக் குடித்தது.

"அட! தண்ணி இனிக்குது!"

அவ்வளவுதான், குட்டிகள் எல்லாம் நெல்லிக்காயும் கையுமாக ஓடைக்கு ஓடின. பிறகு ஈரப்பாறையில் சறுக்கின. ஓடையோர ஆலமரத்தின் விழுதுகளில் தொங்கி ஆடின. ஒருவரை ஒருவர் துரத்தின. தேனைப் பற்றி யாரும் பேசவே இல்லை. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது தும்பிதான்.

திடீரென்று புதர் சலசலத்தது. ஐந்து செந்நாய்கள்!

"மரத்துல ஏறுங்க!" என்று மல்லாயி கத்தியது.

குட்டிகள் பறந்தன. அணில்குட்டி ஒரே தாவல். மரநாய்க்குட்டி அதன் பின்னால். தும்பி நகங்களைப் பதித்துச் சரசரவென்று மேலே போனது. கிச்சான் உச்சிக்கே போய்விட்டது! மற்றத் தாய்களும் பின்னாலேயே ஏறிக்கொண்டன. கீழே மல்லாயி மட்டும் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று காடு அதிர உறுமியது. செந்நாய்கள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. அண்ணாந்து பார்த்தன. எட்டும் உயரத்தில் ஒரு குட்டிகூட இல்லை. வந்த வழியே போய்விட்டன.

சிங்காரி கீழே இறங்கி மகனைக் கட்டிக்கொண்டது.

"மல்லாயி, இதுங்க என் வீட்டு விருந்தன்னிக்கு வந்திருந்தா? ஒரு குட்டியாலயும் ஏற முடிஞ்சிருக்காதே!"

மற்றத் தாய்களும் தங்கள் குட்டிகளை அணைத்துக்கொண்டன. சிங்காரி மெல்லக் கேட்டது: "நாங்க அத்தனை பேரும் சிரிச்சோம். உன் பிள்ளையே அழுதது. எப்படிடி தாங்கிக்கிட்ட?"

"வலிக்கத்தான் செஞ்சுது, சிங்காரி. ஆனா தும்பி வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சுருண்டு கிடந்தப்போ, அதைவிட வலிச்சுது."

யாருக்கும் தலைவணங்காத சிங்காரி, எல்லோர் முன்னிலையிலும் மல்லாயியைக் கைகூப்பி வணங்கியது.

அந்த விடுமுறையில் இன்னும் ஏழு பிறந்தநாள்கள் வந்தன. ஏழு தாய்களும் மல்லாயியிடம் யோசனை கேட்ட பிறகே விருந்து வைத்தன.

ஊரே சிரித்தாலும், பிள்ளைக்கு இனிப்பை அளவோடு கொடுப்பதே உண்மையான அன்பு.