மூச்சு விட்டால் அவுட்

“இந்தப் பிள்ளைகளை வெச்சுக்கிட்டு இனி என்னால முடியாதுங்க டீச்சர்” என்றார் மகுடீஸ்வரன்.

அவர் விளையாட்டு வாத்தியார். கழுத்தில் விசில், குரலில் எந்நேரமும் பாதிக் கோபம்.

பெரிய டீச்சர் ஜீனத் நிமிர்ந்து பார்த்தார். தலைமையாசிரியை என்பதால்தான் பெரிய டீச்சர். மற்றபடி மகுடீஸ்வரனைவிட வயதில் சின்னவர், உயரத்தில் அதைவிடச் சின்னவர். ஆனால் ஒன்றும் பிடிபடாத நாளில் மகுடீஸ்வரன் அவரிடம்தான் வந்து நிற்பார். நேரான பதில் கிடைக்காது என்று தெரிந்தே வருவார்.

“எந்தப் பிள்ளைகளை?”

“வடக்க இருந்து வந்ததுகளைத்தான். நூல் மில் வந்ததும் ஊரே மாறிப்போச்சுங்க. ஒரே வகுப்புல நாலு பாஷை. கபடிக்குக் கோடு போட்டா ஆளுக்கொண்ணு பாடுதுங்க. அந்த ரும்பா, ஹாடுடு ஹாடுடுங்கறா.”

ரும்பா வங்காளத்துப் பெண். அந்தப் பக்கம் கபடிக்கு ஹாடுடு என்றுதான் பாடுவார்கள். ஆறாம் வகுப்பு. கோட்டைத் தாண்டிப் போனால் யாரையாவது தொடாமல் திரும்ப மாட்டாள்.

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“கபடின்னு பாடு, இல்லைன்னா வெளிய நில்லுன்னேன். வெளிய போய் நின்னா.”

“இப்போ எங்க நிக்கறா?”



அதுதான் சங்கதி. வெளியே நிறுத்தியது திங்கட்கிழமை. மறுநாளிலிருந்து ரும்பா பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவில்லை. அவள் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாராம்: போக மனசில்லாதவள் வீட்டில் இருந்து தம்பியைப் பார்த்துக்கொள்ளட்டும், நானும் மில்லுக்குப் போகிறேன்.

அப்படி நின்றுபோன பிள்ளை எதுவும் இந்த ஊரில் திரும்பி வந்ததில்லை. அது மகுடீஸ்வரனுக்கும் தெரியும்.

“படிப்பை நிறுத்துன்னு நான் சொல்லலையே டீச்சர். விளையாட்டுச் சட்டத்தைத்தானே சொன்னேன்?”

பெரிய டீச்சர் எழுந்து செருப்பை மாட்டினார்.

“அடுத்த பீரியட் ஆறாம் வகுப்புக்கு விளையாட்டுதானே? வாங்க.”

மைதானத்தில் கோடு போட்டாயிற்று. இரண்டு பக்கமும் ஆள் நின்றாயிற்று.

“சார், நீங்க அந்த வேப்பமரத்தைப் பாத்து நில்லுங்க. முதுகு இந்தப் பக்கம்.”

“அப்புறம் எப்படிங்க நடுவர் வேலை பாக்கறது?”

“தொட்டது, பிடிச்சதை நான் பாத்துக்கறேன். மூச்சு விட்டா மட்டும் நீங்க விசில் ஊதுங்க.”

“டேய், சாருக்கே தண்டனை குடுத்து நிக்க வெச்சுட்டாங்கடோய்!” என்றது ஒரு குரல்.

“எவன்டா அது?” என்றார் அவர், மரத்தைப் பார்த்தபடியே. மரம் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“ஆளாளுக்குத் தெரிஞ்சதைப் பாடுங்க” என்றார் பெரிய டீச்சர்.

மகுடீஸ்வரன் பல்லைக் கடித்தார்.

“கபடி கபடி கபடி…”

நடுவில் ஒரு சின்ன இழுப்பு. ஊதினார்.

“சார்! நான் மூச்சே விடலை!”

“விட்டேடா. திரும்பும்போது விட்டே. போ வெளிய.”

அடுத்தவன் சடுகுடு என்று பாடினான். ஊதினார்.

அதற்கடுத்து வந்தது அவர் காதே கேட்டிராத ஒரு பாட்டு. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு இடத்தில் கை தானாக விசிலுக்குப் போனது. ஊதினார்.

“சரிதான் சார்” என்றான் பாடியவனே.

அர்த்தம் புரியாத பாட்டில் மூச்சு விட்ட இடம் மட்டும் எப்படித் தெரிந்தது? மகுடீஸ்வரன் வேப்பமரத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார்.

“ஹாடுடு ஹாடுடு ஹாடுடு…”

அவர் காது விறைத்தது.

பாட்டு போய்க்கொண்டே இருந்தது. காலடி வலது பக்கம் ஓடியது, இடது பக்கம் ஓடியது, யாரோ கத்தினார்கள், யாரோ விழுந்தார்கள். மூச்சு அறுபடவே இல்லை.

வந்துவிட்டாள். நாலு நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. பொறுக்க மாட்டாமல் திரும்பிவிட்டார்.

கோட்டில் கால் வைத்து நின்று மூச்சு வாங்கியது ரும்பா இல்லை. துளசிமணி. உள்ளூர்ப் பெண். கபடி அணிக்கே தலைவி.

“ஏம்புள்ள, நீயா?”

“ரும்பா சொல்லிக் குடுத்ததுங்க சார். மில்லுக்காரங்க லைன் வீட்டுச் சந்துல சாயங்காலம் விளையாடுவோம். இதுல மூச்சு கம்மியாத்தான் செலவாகுது. நீங்க வேணா பாடிப் பாருங்க.”

“போட்டியில இதை ஒத்துக்க மாட்டாங்க டீச்சர்” என்றார் அவர். குரலில் கோபம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

“போட்டின்னா கபடின்னு பாடிட்டுப் போறா. இன்னைக்கு என்ன போட்டியா?”

மகுடீஸ்வரன் துளசிமணி பக்கம் திரும்பினார். “எங்க புள்ள அவ?”

துளசிமணி பள்ளிக்கூட கேட் பக்கம் கையை நீட்டினாள்.

கேட்டுக்கு வெளியே ரும்பா. இடுப்பில் தம்பி. பாட்டுச் சத்தம் கேட்டு வந்திருப்பாள் போல. வாத்தியார் பார்ப்பது தெரிந்ததும் ஒரு அடி பின்னால் போனாள்.

அவர் பெரிய டீச்சரைப் பார்த்தார். பெரிய டீச்சர் அழிந்துபோன கோட்டைக் காலால் இழுத்துக்கொண்டிருந்தார். அதைவிட முக்கியமான வேலை உலகத்தில் இல்லை என்பதுபோல.

மகுடீஸ்வரன் போய் கேட்டைத் திறந்தார்.

“வா புள்ள.”

“தம்பி இருக்கு சார்” என்றாள் ரும்பா. கண் அவர் கழுத்து விசில் மேலேயே இருந்தது.

“நாளைக்குப் பால்வாடியில நானே சொல்லி உட்கார வெக்கறேன். உங்கம்மாகிட்டயும் நானே வந்து பேசறேன். இன்னைக்கு இங்க குடு.”

இரண்டு கையையும் நீட்டினார்.

ரும்பா துளசிமணியைப் பார்த்தாள். “குடுடி, கடிக்க மாட்டாரு!” என்று கத்தினாள் துளசிமணி.

தம்பி கை மாறினான்.

மகுடீஸ்வரன் அவனைத் தூக்கிக்கொண்டு போய், யாரும் சொல்லாமலே வேப்பமரத்தைப் பார்த்து நின்றார்.

முதுகுக்குப் பின்னால் பாட்டு கிளம்பியது.

“ஹாடுடு ஹாடுடு ஹாடுடு…”

தம்பி விசிலைப் பிடித்து இழுத்தான். வாயில் வைத்தான். பலமாக ஊதிவிட்டான்.

ஆட்டம் அப்படியே நின்றது.

“நான் மூச்சு விடலை சார்!” ரும்பாவின் குரல் உடைந்தது. “அவுட்டா?”

மகுடீஸ்வரன் திரும்பவில்லை.

“அவன் கிடக்கறான். நீ பாடு புள்ள.”