மூக்கன் தாராவின் முட்டைகள்

ஏரிக்கரை மடத்தில் ஒரு வழக்கம். சாயங்காலப் பூசை முடிந்ததும் குருநாதர் கரைமேல் நடக்கப் போவார். அவருடைய செம்பைத் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு சீடன் கூடப் போகலாம். குருவிடம் எதைக் கேட்பதென்றாலும் அந்த நடையில்தான்.

பதினோரு வருஷம் அந்தச் செம்பு மாசிலாமணியின் கையில் இருந்தது. அவர் குருவைவிடப் பத்து வயது மூத்தவர், மளிகைக் கடையை மூடிவிட்டுக் காவி கட்டியவர். சித்திரையில் தேனப்பன் வந்து சேர்ந்தான். பஸ் கண்டக்டராக இருந்தவன், வாய் ஓயாது. ஆடி பிறந்ததும் குரு செம்பை அவனிடம் கொடுத்துவிட்டார்.

மாசிலாமணிக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, இரண்டு நாள் மனுஷன் வெறும் மோரைத்தான் குடித்தார். கரையில் அவன் சிரிப்பதும் குரு தலையாட்டுவதும் மடைப்பள்ளி ஜன்னலில் தெரியும். கண்ணை மூடிக்கொண்டால் போயிற்று. இவரோ போய்ப் போய் நின்று பார்த்தார்.

அந்த ஜன்னலுக்கு நேரே ஒரு மருதமரம். அதன் பொந்தில் மூக்கன் தாரா ஒன்று முட்டையிட்டுக்கொண்டிருந்தது. மழைக்கு ஏரி தேடி வருகிற காட்டு வாத்து. ஆணுக்கு அலகின்மேல் கறுப்பாகச் சதை புடைத்திருக்கும், பெயர் அதனால்தான். அந்த மூக்கைக் காட்டிக்கொண்டு திரிவதோடு அதன் வேலை முடிந்தது. அடைகாப்பதெல்லாம் பெட்டை.

பத்தாம் நாள் வேறொரு பெட்டை வந்தது. முதல் பெட்டை மேயப் போன நேரம் பார்த்துப் பொந்தில் நுழைந்து முட்டையிட்டுவிட்டுப் பறந்தது. ஒரு வாரம் தினமும் இதே கூத்து. முதல் பெட்டையோ ஒன்றுமே நடக்காததுபோல எல்லாவற்றின்மேலும் அடைக்கு உட்கார்ந்தது.

மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. நேற்று வந்தவளுக்கு இவ்வளவு இடமா?

நாலைந்து நாள் பார்த்தார். ஒரு காலை, பெட்டை இரை தேடப் போனதும் ஏணி வைத்து ஏறினார். உள்ளே பதினெட்டு முட்டைகள். மேலாகக் கிடந்த ஏழு முட்டைகளை எடுத்துக் கீழே புல்லில் வைத்தார். பிந்தி வந்தது மேலேதானே இருக்கும்? மத்தியானத்துக்குள் காக்கைகள் அவற்றைத் தீர்த்துவிட்டன.

அன்று சாயங்காலம் வெறுங்கையோடு கரையேறி, அந்த மருதமரத்தருகே குருவை மறித்தார். தேனப்பன் நாலடி தள்ளி நின்றான். நடந்ததை மாசிலாமணி ஒளிக்காமல், கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். முதலில் வந்தவளுக்கு நியாயம் செய்ததாகவும் சொன்னார். அப்புறம் தேனப்பனைக் கைகாட்டிக் கேட்டார்.

“சாமி, உங்களுக்கு நான் முக்கியமா, இவன் முக்கியமா?”

குரு மருதமரத்தைப் பார்த்தார். பெட்டை திரும்பி வந்திருந்தது. பொந்தின் வாயில் தலை மட்டும் தெரிந்தது.

“பிந்தி வந்த முட்டை எதுவென்று எப்படிக் கண்டுபிடித்தீர்?”

“மேலே கிடந்தது, சாமி.”

“தாரா தினமும் முட்டைகளைப் புரட்டிவிடும், மாசிலாமணி. அடியில் இருந்தது மேலே வந்துவிடும்.”

மாசிலாமணி மரத்தடிப் புல்லில் கிடந்த ஓடுகளைக் குனிந்து பார்த்தார். எல்லாம் ஒரே நிறம்.

“அப்படியானால் நான் எடுத்தது யாருடையது?”

“எனக்குத் தெரியாது. உள்ளே உட்கார்ந்திருக்கிறதே, அதற்கும் தெரியாது. பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் முட்டை ஆறிப்போகும்.”