பாடிய ஆன்டெனா

சங்குத்துறையில் தனிஸ்லாஸ் சார் ரிட்டயரான பிறகு சீடரானார். குரு, எட்டாம் வகுப்பில் அவர் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய பெல்சியா. படகு வயர்லெஸ் பழுது பார்க்கிறவள். வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் பேசும் ஹாம் ரேடியோவை அந்தக் கரையில் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் இல்லை.

சார் வீட்டு மாடிக் கம்பத்தின் உச்சியில், பெரிய மீன்முள் போல ஆன்டெனா. ஒவ்வொரு முள்ளும் முப்பது அடி அலுமினியக் குழாய். போன வருஷப் புயலில் அது ஒடிந்தது. ஃபோனும் போனது, டவுனுக்குப் போகும் பாலமும் போனது. பிரசவ வலி கண்டிருந்த அதே ஊர் கிறிஸ்டிக்கு ஒரு படகு அனுப்பச் சொல்ல வழியில்லை. பிள்ளை தங்கவில்லை.

சார் புதிதாக ஒன்று ஏற்றினார். கிறிஸ்டிக்கு மறுபடியும் மாதம் நெருங்கியது. புயல் காலமும் நெருங்கியது.

பெல்சியாவை அவர் இப்போது டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். "டீச்சர், என்ன காத்து வந்தாலும் இது நிக்கணும். தடிச்ச குழாயா மாத்தவா? இழுகம்பி இன்னும் நாலு கட்டவா?"

பெல்சியா மாடி ஏறினாள். மத்தியானம் மூன்று மணி. கடற்காற்று மெல்ல வந்தது. மேலே 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம்.

"இது என்ன சார்?"

"பாடுது டீச்சர். ரெஜினா இதக் கேட்டுத்தான் மத்தியானம் கண்ணசருவா."

"பழசும் பாடுச்சா?"

"ஏத்துன நாள்லருந்து."

"அந்த ஒடிஞ்ச துண்ட எடுத்துட்டு வாங்க."

அதில் சார் மனைவி ரெஜினா துணி காயப் போட்டிருந்தாள். துணியை எடுத்துவிட்டுக் கொண்டுவந்தார்.

பெல்சியா ஓர் அலுமினியக் கம்பியை அவர் கையில் கொடுத்தாள். "ஒரே மூச்சுல ஒடிங்க."

சார் பல்லைக் கடித்து அழுத்தினார். வளைந்ததே தவிர ஒடியவில்லை.

"இப்ப மெதுவா ஆட்டுங்க. ஆட்டிக்கிட்டே இருங்க."

ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் கம்பி சத்தமில்லாமல் இரண்டானது.

சார் கம்பியைப் பார்த்தார். பிறகு பழைய குழாயைப் பார்த்தார். அது எங்கேயும் வளைந்திருக்கவில்லை. குழாயை இறுக்கிய பிடிப்பான் இருந்த இடத்தில், கத்தரித்தது போல நேராக ஒடிந்திருந்தது.

அண்ணாந்து பார்த்தார். பாடிக்கொண்டிருந்த குழாய்கள் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன.

"டீச்சர், பெஞ்சு மேல ஏறி நிக்கட்டுமா?"

"வேணாம் சார், விழுந்துருவீக. பழைய வலைக்கயிறு கொண்டாங்க."

ஆன்டெனாவை இறக்கினார்கள். நடுக்கத்தை வாங்கிக்கொள்ள, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கயிற்றைத் தளர்வாக ஓட்டினாள். முனைகளை அடைத்தாள். மறுபடி ஏற்றினார்கள். மறுநாள் மூன்று மணிக்குக் காற்று வந்தது. மேலே சத்தமே இல்லை.

கீழே இருந்து ரெஜினா கேட்டாள். "என்னங்க, அது செத்துப்போச்சா? எனக்கு உறக்கமே வரல."

பதினெட்டு நாள் கழித்து, ஒரு காலையில் புயல் வந்தது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி பறந்து கோயில் வாசலில் விழுந்தது. ஃபோன் போனது. பாலம் போனது. ரெஜினா ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே மேலே பார்த்திருந்தாள். மீன்முள் வில்லாக வளைந்தது. நிமிர்ந்தது. திரும்ப வளைந்து, திரும்ப நிமிர்ந்தது.

பத்து மணிக்குக் கிறிஸ்டியின் மாமியார் நனைந்தபடி வந்து நின்றாள். "சார், வலி எடுத்துட்டு."

சார் மைக்கைப் பிடித்தார். இரண்டு முறை அழைத்தார், வெறும் இரைச்சல். மூன்றாம் முறை டவுனிலிருந்து ஒரு குரல். "சங்குத்துறை, நல்லா கேக்குது. சொல்லுங்க."

காற்று தணிந்ததும் மீட்புப் படகு வந்தது. சாயங்காலம் அதே ரேடியோவில் செய்தி வந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே சார் வீட்டு மாடியில் நின்றது. கம்பத்துக்குச் செவ்வந்தி மாலை போட்டார்கள். யாரோ வெடி கொளுத்தினார்கள்.

"இம்புட்டுப் புயலுக்கு இத எப்படி நிக்க வச்சீங்க?" என்று கேட்டார் பங்குச்சாமியார்.

சார் ஒதுங்கி நின்று கையைக் கட்டிக்கொண்டார். "டீச்சர்கிட்டக் கேளுங்க ஃபாதர்."

பெல்சியா அண்ணாந்து பார்த்தாள். காற்று மெல்ல வீசிக்கொண்டிருந்தது.

"புயலுக்குன்னு நாங்க ஒண்ணும் செய்யல ஃபாதர். மத்தியானக் காத்துக்குத்தான் கயிறு போட்டோம்."