உலகம்மாவுக்காகப் பேசின டேப்லெட்டு

ஒரு ஊர்ல ஒரு அப்பாவும் மகளும் இருந்தாங்களாம். அப்பாவுக்குக் கண்ணு தெரியாது. மகளுக்குப் பேச்சு வராது. போர்வைய இழுத்துக்கோ. ம் கொட்டு, அப்பத்தான் நீ முழிச்சிருக்கியான்னு எனக்குத் தெரியும்.

“ம்.”

அப்பா பேரு கோமதிநாயகம். மினி பஸ் ஓட்டுனவரு. சர்க்கரை நோவு வந்து கொஞ்சங்கொஞ்சமா கண்ணைத் தின்னுட்டு. மக பேரு உலகம்மா. அவ முன்னால நல்லாப் பேசினவதான். தெருமுனையில நின்னு சிரிச்சான்னா இந்தக் கோடிக்குக் கேக்கும். அப்புறம் தொண்டையில ஒரு கட்டி வந்துது. டாக்டருங்க அறுத்து எடுத்து உசுரக் காப்பாத்திட்டாங்க. சத்தம் மட்டும் கட்டியோடயே போயிட்டு. வாயத் திறந்தா ஸ்ஸ்ஸ்னு காத்துதான் வரும்.

“எழுதிக் காட்ட வேண்டியதுதான?”

எழுதுனா அப்பா பாக்கணும்லா? கைச் சாடை காட்டினாலும் பாக்கணும்லா? அதான் சங்கடமே. அப்பாவோட தோளத் தொட்டா, ‘இருக்கேன்பா’ன்னு அர்த்தம். ஒரு தட்டு தட்டுனா சாப்பாடு. அதுக்கு மேல தோளு என்னத்தப் பேசும்?

அப்போ அவளோட அண்ணன், சொரிமுத்துன்னு பேரு, அவன் ஒரு டேப்லெட்டு வாங்கிட்டு வந்தான். சிலேட்டு மாதிரி இருக்கும், அதுல எழுதித் தொட்டா அதுவே வாய்விட்டுப் பேசும். பொம்பளைக் குரல்தான். பள்ளிக்கூடத்துல வருகை கூப்புடுற டீச்சர் மாதிரி ஒரே சீரா இருக்கும். கோவப்பட்டாலும் அதே குரல், சிரிச்சாலும் அதே குரல். மொத மொத உலகம்மா எழுதித் தொட்டதும் அது ‘அப்பா, காப்பி ஆறுது’ன்னு சொல்லிச்சு. கோமதிநாயகம் காப்பியை எடுக்கவே இல்ல. “இன்னொரு தடவ சொல்லு தாயி, இன்னொரு தடவ சொல்லு”ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம். காப்பி பச்சைத் தண்ணியாப் போச்சு.

அந்த மாசமே அண்ணன் மலேசியாவுக்கு வேலைக்குப் போயிட்டான்.

“ம்.”

போன புதுசுல ஞாயித்துக்கிழமை தவறாம பேசினான். அப்புறம் மாசத்துக்கு ஒருக்கா. அப்புறம் திருநாளுக்குத் திருநாள். அப்புறம் ஒருநாள் இவ கூப்பிட்டுப் பாத்தா, அந்த நம்பரே இல்லன்னு போன்ல ஒரு குரல் சொல்லுது. சண்டை ஒண்ணும் இல்ல கண்ணு. ஒரு சுடுசொல்லு கிடையாது. அவன் அங்கேயே கல்யாணம் முடிச்சுட்டான்னு ஒருத்தரு சொன்னாரு, இல்லன்னு ஒருத்தரு சொன்னாரு. மொத்தத்துல அவன் பேசலை.

ஆனா அப்பா விடுவாரா? தெனம் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கட்டில்ல எந்திரிச்சு உக்காந்து கேப்பாரு.

“ஏட்டி உலகு, அண்ணன் பேசினானா?”

மொத நாளு அவ ‘இல்லப்பா’ன்னு எழுதிட்டா. தொடப்போனவ அவரு மூஞ்சியப் பாத்தா. கண்ணு தெரியாதவங்க காதத்தான் முன்னால நீட்டுவாங்க. அப்பிடிக் கழுத்தைச் சாய்ச்சு, உதட்டை லேசாத் திறந்து வச்சிக்கிட்டு இருக்காரு. அவளுக்கு விரலு கூசிட்டு. அழிச்சுட்டு வேற எழுதினா. டேப்லெட்டு சொல்லிச்சு: ‘பேசினான்பா. கால் வலி எப்பிடி இருக்குன்னு கேட்டான்.’

“அப்பிடியா! என்கிட்ட குடுத்திருக்கலாம்லா?”

‘பீடிக் கடைக்குப் போற வழியில கூப்பிட்டான்பா. அவனுக்கு அந்த நேரந்தான் ஒழியுதாம்.’

உலகம்மா வீட்டுல பீடி சுத்துறவ. சுத்தின பீடியக் கடையில கொண்டுபோய்ப் போடுவா, போன் அவ கையிலதான் இருக்கும். அதனால அப்பா நம்பிட்டாரு. அன்னைக்கு ரெண்டு தோசை கூடத் தின்னாரு. அப்புறம் அவளால நிறுத்த முடியல. மத்தியானம் அப்பா உறங்குறப்போ எழுதி வச்சிக்கிடுவா, சாயங்காலம் ஒரு தொடு. ‘மழை பெய்யுதாம்பா அங்க.’ ‘மீன் கொழம்பு வச்சானாம், நம்ம ருசி வரலையாம்.’ எல்லாம் இவளா நினைச்சது. டேப்லெட்டுதான் மெய்யும் பொய்யும் ஒரே குரல்ல சொல்லுமே.

“பொய் சொல்லக் கூடாதுல்ல?”

கூடாதுதான். நீ கேளு.

அப்போ ஒருநாள் டேப்லெட்டுல டிங்குன்னு ஒரு பெட்டி வந்துது. ‘புது அப்டேட் வந்திருக்கு, ஏத்தவா?’ன்னு. புதுசுன்னா நல்லதாத்தான இருக்கும்னு உலகம்மா ‘சரி’யத் தொட்டுட்டா. அது அணைஞ்சுது, எரிஞ்சுது, மறுபடி அணைஞ்சுது. பொழுது சாயுற வரைக்கும் ஏறிச்சு. கடைசியில முழிச்சப்போ பளபளன்னு புதுப் படமெல்லாம் இருந்துது. ஆனா ஒரு எழுத்தைத் தொட்டா அது வந்து விழ ஒரு யுகம். நடுவுல ஒரு வட்டம் வந்து கிர்ர்ர்... கிர்ர்ர்னு சுத்துது. செக்குமாடு மாதிரி அங்ஙனயே சுத்துது.

மறுநாளு அப்பா கேக்காரு, “கொழம்புக்கு உப்பு போட்டியா?” இவ ‘போட்டேன்பா’ன்னு எழுதித் தொடுதா. கிர்ர்ர்... பேச்சையே காணோம். அவரு காத்திருந்து பாத்துட்டு அடுத்ததக் கேக்காரு, “பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையை ஏன் அடிக்கா?” அப்போ டேப்லெட்டு சொல்லுது, ‘போட்டேன்பா.’ அவரு திகைச்சுட்டாரு. “நீயும் பிள்ளைக்கு ஒண்ணு போட்டியா? எதுக்குட்டி?”

“ஹி ஹி.”

சிரி. அவங்களும் மொதல்ல சிரிச்சாங்க. நாளாக நாளாகச் சிரிப்பு வத்திட்டு. அவரு கேட்டுட்டு உக்காந்திருப்பாரு, இவ தொட்டுட்டு உக்காந்திருப்பா, நடுவுல வட்டம் சுத்தும். “கோவமாட்டி?”ம்பாரு. இவ ஓடிவந்து தோளத் தொடுவா. தொட்டா ‘இருக்கேன்’னு தெரியும், ‘கோவம் இல்ல’ன்னு எப்பிடித் தெரியும்?

அவ சும்மா இருக்கலை. மொதல்ல அணைச்சு அணைச்சுப் போட்டுப் பாத்தா. ஒரு மணி நேரம் நல்லா ஓடும், மறுபடியும் கிர்ர்ர். அப்புறம் பாட்டு, படம், விளையாட்டு எல்லாத்தையும் அழிச்சுப் பாத்தா. ரெண்டு நாளு நல்லா ஓடிச்சு, மறுபடியும் கிர்ர்ர். மூணாவதா பஸ் ஸ்டாண்டுல செல்போன் ரிப்பேர் பாக்குற பீர்முகமது கடைக்குத் தூக்கிட்டுப் போனா. அவரு கழட்டிப் பாத்தாரு, மாட்டிப் பாத்தாரு.

“எக்கா, இது பழைய வண்டி. அது மேல புது லோடு ஏத்திட்டீய. இழுக்க மாட்டேங்குது.”

பழையபடி மாத்த முடியுமான்னு துண்டுக் காயிதத்துல எழுதிக் காட்டினா.

“கம்பெனிக்காரன் அந்த வழிய அடைச்சுட்டான்க்கா. மொத்தமாத் துடைச்சாலும் புதுசுதான் வந்து ஏறும். வேற வாங்குறதுதான் வழி.”

வேற வாங்க அவளுக்கு வகையில்ல. சேலைத் தலைப்புல சுத்தி எடுத்துக்கிட்டு நடந்தே வந்துட்டா. உறங்கிட்டியா?

“ம்ஹும். சொல்லு.”

அப்புறம் ஒரு மத்தியானம். அப்பா கட்டில்ல உறங்குதாரு, கொர்ர்ர்னு குறட்டை. இவ பக்கத்துல பீடித் தட்டோட உக்காந்திருக்கா. சாயங்காலத்துக்கு இப்பமே எழுதி வச்சாத்தான் ஆகும்னு எழுதுதா. ‘அண்ணன் பேசினான்பா. தீபாவளிக்கு வாரேன்னான்.’ சத்தத்தைக் குறைச்சு வச்சு, பேசுதான்னு பாக்கத் தொட்டா. வட்டம் சுத்திச்சு, அப்பிடியே நின்னுட்டு. எழுதுனதையும் காணோம். சரி, போயிட்டு போலன்னு நினைச்சா. அதுவும் நல்லதுதான், வாரேன்னு சொன்னா அப்புறம் ஆளு வரணும்லா? மாத்தி எழுதினா. ‘அண்ணன் பேசினான்பா. லீவு கிடைக்கலையாம்.’ தொட்டா. அதையும் காணோம். லீவு இல்லன்னா அவரு சோர்ந்து போவாரேன்னு மூணாவதா, ‘அண்ணன் பேசினான்பா. பொங்கலுக்குக் கட்டாயம் வாரேன்னான்’னு எழுதித் தொட்டா. கிர்ர்ர். ஒண்ணும் இல்ல.

அப்போ தெருக்குழாயில தண்ணி வந்துட்டு. புஸ்ஸுன்னு காத்து வாங்கி, அப்புறம் சளசளன்னு கொட்டுது. நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி. டேப்லெட்டைக் கட்டில் ஓரத்துல வச்சிட்டு, குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடினா.

ரொம்பி வழியுற குடத்தோட வாசப்படியில கால வைக்கா, உள்ள இருந்து அந்தக் குரல் கேக்குது. டீச்சர் குரல். நல்ல சத்தமா. சத்தத்தக் குறைச்சாள்லா, அதையும் அந்தப் பாழாப்போனது வாங்கிக்கிடவே இல்ல.

‘அண்ணன் பேசினான்பா. தீபாவளிக்கு வாரேன்னான்.’

அப்பா முழிச்சு, “உலகு?”ன்னு எந்திரிக்காரு. மூஞ்சியெல்லாம் வெளிச்சம்.

‘அண்ணன் பேசினான்பா. லீவு கிடைக்கலையாம்.’

அவ கத்தினா கண்ணு. வாயப் பொளந்து கத்தினா. ஸ்ஸ்ஸ்னு காத்துதான் வந்துது. இடுப்புக் குடம் நழுவி டமார்னு விழுந்து உருண்டுது. பாஞ்சு போய் டேப்லெட்டை எடுத்து அணைக்கப் பாக்கா. அணைய மாட்டேங்குது. வயித்தோட சேத்து அமுக்கிப் பாக்கா. சேலைக்குள்ள இருந்துக்கிட்டே அது மூணாவதையும் சொல்லி முடிச்சுது.

‘அண்ணன் பேசினான்பா. பொங்கலுக்குக் கட்டாயம் வாரேன்னான்.’

“ஐயோ.”

ஆமா.

கோமதிநாயகம் ஜன்னல் பக்கம் கைய நீட்டினாரு. வெயிலு உள்ளங்கையில சுள்ளுன்னு விழுந்துது. இன்னும் விளக்கு வைக்கிற நேரம் ஆகலை, இவ இன்னும் பீடிக் கடைக்கே போகலைன்னு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. அந்த மூஞ்சி மெல்ல மெல்ல அடங்கினத உலகம்மா பாத்துக்கிட்டே நின்னா. அப்புறம், “காலெல்லாம் நனையுதே. தண்ணி கொட்டிட்டா?”ன்னு கேட்டாரு. அவ்வளவுதான் கேட்டாரு. துண்டைத் தடவி எடுத்து, தரையில குனிஞ்சு, தடவித் தடவித் தொடச்சாரு. அவ பிடுங்கினா. குடுக்க மாட்டேன்னுட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் விளக்கு வச்சா. அவரு கட்டில்ல உக்காந்தாரு. கேக்கலை. மறுநாளும் கேக்கலை. சோறு போட்டாத் தின்னாரு, மாத்திரை குடுத்தா முழுங்கினாரு. அவளுக்கு அவரு ஏசுனாத் தேவலைன்னு இருந்துது. ‘மன்னிச்சுருங்கப்பா’ன்னு எழுதத்தான் செஞ்சா. ஆனா அதுவும் அந்தக் குரல்லதான வரும்? அதே குரல்ல சொன்னா யாரு நம்புவா? எழுதினதை அழிச்சுட்டா.

“ம்.”

அப்புறம் ஒரு சாயங்காலம், விளக்கு வச்சு நெடுநேரம் ஆகியும் அவரு படுக்கலை.

“ஏட்டி உலகு. அந்தச் சிலேட்டை எடு.”

எடுத்தா.

“அவன் சொன்னானாம் சொன்னானாம்னு எத்தனை நாளு சொன்ன. நானும் அதையே கேட்டேன். உன்னைய ஒரு வார்த்தை கேட்டேனா? கட்டி அறுத்துட்டு வந்ததுல இருந்து நீ உனக்குன்னு ஒண்ணும் பேசலையே தாயி. இன்னைக்கு நீ பேசு. உன் பேச்சக் கேக்கேன்.”

அவ எழுத ஆரம்பிச்சா. ஒரு எழுத்து. கிர்ர்ர். இன்னொரு எழுத்து. கிர்ர்ர். அவசரத்துல டொக்கு டொக்குன்னு தட்டுதா. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டுட்டு.

“மெதுவாட்டி. ரயில்வே கேட்டு போட்டுட்டா நான் இஞ்சினை ஆஃப் பண்ணிட்டுத்தான் உக்காந்திருப்பேன். ஹாரன் அடிச்சா ரயிலு சீக்கிரம் வருமா? வரட்டும். நான் எங்க போகப் போறேன்.”

அவ எழுதி முடிச்சுத் தொட்டா. வட்டம் சுத்துது... சுத்துது... வெளிய ஒரு பஸ்ஸு போயிட்டு. எங்கேயோ குக்கர் விசிலு அடிச்சு ஓய்ஞ்சுட்டு. அவரு கழுத்தைச் சாய்ச்சு, உதட்டை லேசாத் திறந்து வச்சிக்கிட்டு, அசையாம உக்காந்திருக்காரு.

அப்போ டேப்லெட்டு சொல்லிச்சு:

‘அண்ணன் என்கிட்டயும் பேசலைப்பா.’

கோமதிநாயகம் கைய நீட்டினாரு. நீட்டுன கை காத்துல அலைஞ்சு, அவ தலையைக் கண்டுபிடிச்சுது. அவ அவரு மடியில மூஞ்சிய வச்சுக்கிட்டா. சத்தம் இல்லாம அழுதா, முதுகு மட்டும் குலுங்குது. அவரு சத்தம் போட்டே அழுதாரு, ரெண்டு பேருக்கும் சேத்து.

“அப்புறம் அண்ணன் வந்தானா?”

வரலை கண்ணு.

“டேப்லெட்டு சரியாச்சா?”

அதுவும் ஆகலை. இன்னும் நின்னு நின்னுதான் பேசும். அவரு கேப்பாரு, காத்திருப்பாரு. அவ சொல்லுவா. அவ்வளவுதான் அவங்க கதை.

கதையும் கட்டையச் சாய்ச்சுட்டு. நீயும் கண்ண மூடு. உறங்கு.