எட்வின் சாய்ந்த மதில்

"எட்வினைக் கொன்னவனுக்கு நீங்க சோறு போட்டுக்கிட்டு இருக்கீங்க டீச்சர்."

மருதையன் வாசலிலேயே நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"போட்டுக்கிட்டுதான் இருக்கேன்," என்றார் தெய்வானை டீச்சர். "தணிகைதான் சாப்பிட மாட்டேங்கறான்."

மூன்று பையன்களும் படித்த நாடகப் பள்ளிக்கு அவர்தான் ஆசிரியை. அதிகம் பேசமாட்டார். பேசினாலும் கேட்டதற்குப் பதில் வரும் என்று உத்தரவாதம் கிடையாது.

"ராஜா வேஷம் தனக்குக் கிடைக்கலைன்னு தணிகைக்கு எட்வின் மேல புகைச்சல். அதான் மெத்தையை இழுத்துட்டான்."

"மேடைக்குப் பின்னாடி நாடகத் தேர் போக வழி இல்லாம நகர்த்தினேன், திரும்பப் போட வர்றதுக்குள்ள விழுந்துட்டான்னு சொல்றானே."

"பொய். நாளைக்கு விசாரணையில அவன் பேரைத்தான் சொல்லப் போறேன்."

டீச்சர் கொட்டகைச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். மருதையன் பின்னால் போனான்.

நாடகத்தின் கடைசிக் காட்சி இதுதான். பலகையால் செய்த கோட்டை மதில். அதன்மேல் அரசனும் அவனைக் காட்டிக்கொடுத்த நண்பனும். அரசன் முதுகுப்பக்கமாகச் சாய்ந்து விழுவான். சபையோருக்குத் தெரியாதபடி பின்னால் மெத்தை கிடக்கும்.

எட்வின் அரசன். மருதையன் நண்பன். மெத்தை தணிகையின் பொறுப்பு.

அன்றைக்கு எட்வின் வெறும் சிமெண்டுத் தரையில் விழுந்தான். சபை எழுந்து நின்று கைதட்டியது. நன்றாக நடித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள் பாவிகள்.

இந்தக் காட்சிக்கென்று ஒரு விதி உண்டு. சாகப்போகிற அரசன் திரும்பி மெத்தையைத் தேடினால் சபை சிரித்துவிடும். ஆகவே அவன் திரும்பக் கூடாது. "இனி எனக்கு இங்கே என்ன வேலை?" என்று மட்டும் கேட்பான். நண்பன் கண்ணை இறக்கி அரசனுக்குப் பின்னால் கீழே பார்ப்பான். மெத்தை இருந்தால், "போய் வாருங்கள் அரசே" என்பான். கண் இறங்காவிட்டால் அரசன் சாயக் கூடாது. அதே வசனத்தைத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

போலீஸ் சொன்னதால் மதிலை இன்னும் பிரிக்கவில்லை.

"ஏறு," என்றார் டீச்சர். "எட்வின் நின்ன இடத்துல நில்லு."

சண்டையோடு வருகிறவர்களுக்கு வேஷத்தை மாற்றிக் கொடுப்பது அவர் வழக்கம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரும் ஏறி எதிரே நின்றார்.

"இப்போ நீ எட்வின். நான் மருதையன்."

"பின்னாடி மெத்தை இருக்கா டீச்சர்?"

"திரும்பாதே. வசனத்தைச் சொல்லு."

"இனி எனக்கு இங்கே என்ன வேலை?"

"போய் வாருங்கள் அரசே."

மருதையன் அசையவில்லை. "இனி எனக்கு இங்கே என்ன வேலை?"

"போய் வாருங்கள் அரசே."

மறுபடியும் கேட்டான்.

"ஏன் சாயலை?"

"நீங்க கீழே பார்க்கலையே."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க கண்ணு எனக்கு நேரா இருக்கு. தெரியாமப் போகுமா?"

"அப்போ எட்வினுக்கும் தெரியும்."

"நான் கீழே பார்த்தேன் டீச்சர். மெத்தை இருந்துச்சு. அப்புறம்தான் தணிகை இழுத்தான்."

"குறுக்கே கிடந்துச்சா, நெடுக்கக் கிடந்துச்சா?"

மருதையன் பின்னால் திரும்பிப் பார்க்கப் போனான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"எட்வின் வசனத்தைத் திரும்பச் சொன்னானா?"

"இல்லை. ஒரு தடவைதான்."

"ஒத்திகையில?"

"ஒத்திகையில என் கண்ணு கொஞ்சம் தாமதிச்சாக்கூடத் திரும்பச் சொல்லுவான். பயந்தாங்கொள்ளி டீச்சர் அவன். என் கண்ணு இறங்காம ஒரு நாளும்..."



வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கு உன் கண்ணு எங்க இருந்துச்சு மருதை?"

மருதையன் பலகைமேல் உட்கார்ந்துவிட்டான்.

அவனும் எட்வினும் ஒரே அறை. ஒரே சோப்பு, ஒரே தட்டு. ஒருவன் சட்டையை மற்றவன் போட்டுக்கொண்டு திரிவான். ஆனாலும் மருதையன் அவனை நேருக்கு நேர் பார்த்துப் பேசியதில்லை. பார்த்தால் கண் காட்டிக்கொடுத்துவிடுமே என்று பயம். ஆசையை உள்ளே வைத்துப் பூட்டியே காலத்தை ஓட்டினான்.

"மறுநாள் அவன் ஊருக்குப் போயிடுவான்," என்றான். "இனிமே எப்போ பார்க்கப் போறோம்னு தோணுச்சு. அந்த ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்துட்டேன். கீழே பார்க்கவே இல்லை."

"அவன்?"

"அவனும் பார்த்துக்கிட்டே இருந்தான்."

டீச்சர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு இதைச் சொல்லிடறேன்," என்றான் மருதையன். "தணிகையை விட்டுடுவாங்க. என்னை என்ன வேணா செய்யட்டும்."

"சரி."

டீச்சர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார். "உன் மனசுல இருந்ததை அவன்கிட்ட ஒரு நாள் சொல்லியிருக்கலாம் நீ."

"அன்னைக்கு மதில்மேல கண்ணால சொல்லிட்டேன் டீச்சர். அதைக் கேட்டுட்டுதான் சாஞ்சான்."