துளையன் வீட்டு விருந்தாளி

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது. கொஞ்சநஞ்ச வாயா, மீனோடு மல்லுக்கட்டும் அளவுக்கு வாய்! மலையடிச் சுனையின் ஓரத்தில் துளையன் என்றொரு கல் கிடந்தான். உடம்பெல்லாம் பொடித் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஓர் உப்புத் துகள் குடியிருந்தது. அவன் வீட்டில் ஒரு வழக்கம்: புதிதாக யார் வந்தாலும் பழைய குடித்தனக்காரர் எழுந்து இடம் விட வேண்டும். வந்தவர் யார், எவர் என்று கேட்பது மரியாதை இல்லை.

மலையின் வயிற்றில் அப்போது ஓர் அடுப்பு தானாகவே எரிந்து, தானாகவே அணைந்தது. அதன் சாம்பல் மழையில் கரைந்து சுனைக்கு வந்தது. சாம்பலோடு ஒரு சூடும் வந்தது. அது கண்ணுக்கும் தெரியாது, தொட்டாலும் சுடாது. ஆனால் மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன.

கெண்டை மீன் பதறிக்கொண்டு வந்தாள். "அண்ணே, என் முட்டை இன்னும் ரெண்டு நாள்ல பொரியணும். தண்ணியில என்னமோ இருக்கு. உனக்குத் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலையே தங்கச்சி."

அவனுக்கு நிஜமாகவே ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் பளிங்காகத்தான் இருந்தது. நல்ல தண்ணீரில் எதற்குச் சாகிறார்கள்? இறங்கித்தான் பார்ப்போமே என்று உருண்டு சுனைக்குள் விழுந்தான்.

இறங்கிய பிறகு குழப்பம் இன்னும் கூடியது. யாரோ உள்ளே வருவது தெரிந்தது. முகமும் இல்லை, குரலும் இல்லை. உப்புகளோ வழக்கப்படி எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தன.

"யாருக்குடா எடம் விட்டீங்க?"

"தெரியல வீட்டுக்காரரே. வந்தாங்க, எந்திரிச்சோம்."

இரண்டு நாளில் முட்டைகள் பொரிந்தன. ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. துளையனுக்குத்தான் உள்ளுக்குள் கனன்றது. வந்து உட்கார்ந்திருப்பது அந்தச் சூடுதான் என்று அப்போதுதான் உறைத்தது. 'வெளியே போ' என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அது எங்கே போகும்? எதிரே குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன.

"கிட்ட வராத தங்கச்சி. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு தூரமாப் போயிரு."

"ஏண்ணே, என் மேல கோவமா?"

பதில் சொல்ல அவனுக்குப் பயமாக இருந்தது. வாயைத் திறந்தால் சூடு கசிந்துவிடுமோ என்னவோ! இறுக மூடிக்கொண்டு, சுனையின் ஆழத்துப் பள்ளத்துக்கு உருண்டு போனான். என்ன தப்பு செய்தோம் என்று கெண்டைக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அன்று முதல்தான் கல் பேசுவதில்லை. அணு உலைக் கழிவுநீரில் போட்டால் துளையன் வம்சத்துக் கற்கள் உப்பை வெளியே அனுப்பிவிட்டுக் கதிரியக்கச் சூட்டை உள்ளே உட்கார வைத்துக்கொள்வதும், பிறகு யாரும் அண்டாத ஆழத்தில் வாய் திறக்காமல் கிடப்பதும் அன்று முதல்தான்.