மூக்கை மட்டும் உள்ளே அனுப்புங்கள்

திருச்சியில் டாக்டர் சபுராவின் முக அழகு சிகிச்சை நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. அறுவை சிகிச்சைக்கு வருகிறவரின் தாளில், ரத்த அழுத்தத்துக்கும் மேலே ஒரு கேள்வி இருக்கும்: 'கட்டுப் பிரித்ததும் முதலில் யாரைப் பார்க்கப் போவீர்கள்?' அதற்குப் பதில் வாங்காமல் சபுரா கத்தியைத் தொடமாட்டார்.

அவரிடம் தொழில் கற்க வந்த சீடர் பூவேந்திரனுக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவைவிடப் பத்து வயது மூத்தவர். இருபது வருடம் அரசு மருத்துவமனையில் குடல்வால் அறுத்த கை. வயிற்றைத் திறக்கும் முன் யாரைப் பார்க்கப் போகிறாய் என்று எவரையும் கேட்டுப் பழக்கமில்லை. சபுரா ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் அவர் தனியாக ஒரு மூக்கைச் செய்தார். அந்தக் கேள்விக்கு நேரே 'பொருந்தாது' என்று எழுதிவிட்டார்.

மூக்கு பிரமாதமாக வந்தது. வம்பே அங்கேதான் தொடங்கியது.

நான்கு மாதம் கழித்து மூக்கின் சொந்தக்காரர் திரும்பி வந்தார். பெயர் முத்துக்கருப்பன், தாலுகா அலுவலகத்தில் நில அளவையர். கையில் ஒரு வரைபடம் வைத்திருந்தார். அதில் அவருடைய பழைய மூக்கை மேடு பள்ளத்தோடு, அளவு போட்டு வரைந்திருந்தார். பழக்கதோஷம், மூலையில் வடக்கு திசையைக்கூடக் குறித்திருந்தார். இதேபோலத் திரும்ப வைத்துவிடுங்கள் என்றார்.

பூவேந்திரன் புதிய மூக்கை அளந்து பார்த்தார். ஒரு குறையும் இல்லை. கோபமாகக் குருவின் அறைக்கு வந்தார்.

"மூக்கு சரியா இருக்கு மேடம். மனசுதான் சரியில்லை. அதுக்கும் நானா பொறுப்பு?"

"அவர் உங்ககிட்ட எதுக்கு வந்தார்?"

"மூக்குக்கு."

"அப்ப மூக்கை மட்டும் உள்ள அனுப்புங்க சார். அவர் வெளியவே உட்காரட்டும்."

குரு சொன்னால் சீடன் செய்ய வேண்டும். பூவேந்திரன் போய்க் கதவைத் திறந்தார். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "முத்துக்கருப்பன், வாங்க" என்றார்.

மூக்கு வந்தது. கூடவே ஆளும் வந்தார். பின்னால் அவருடைய தங்கை செல்வராணியும் வந்தாள்.

பழைய மூக்கு எதற்கு என்று சபுரா கேட்டார். தங்கைதான் சொன்னாள். அவளுடைய மகள் ஆதிரைக்கு மூன்று வயது. காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது. முகத்தில் கட்டையும் வீக்கத்தையும் பார்த்தால் பிள்ளை பயந்துவிடும் என்று மாமன் இரண்டு மாதம் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. நேராகக் காதுகுத்துக்குத்தான் போனார். ஆசாரி ஊசியோடு காத்திருக்க, பிள்ளை மடியிலிருந்து இறங்கி ஓடிவிட்டது. ஊசிக்குப் பயந்து இல்லை. இது என் மாமா இல்லை என்று கோயிலே அதிர அழுதிருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி நாள் குறித்தார்கள். மறுபடி அதே கதை.

"ரெண்டு கிடா போச்சு டாக்டர்," என்றாள் செல்வராணி. "காது அப்படியேதான் இருக்கு."

பூவேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. முத்துக்கருப்பனின் கண்ணைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது.

"மூக்கை ஏன் மாத்தினீங்க?" என்று சபுரா கேட்டார்.

"பாப்பா பிறந்தப்ப சொந்தக்காரங்க எல்லாரும் வந்து பார்த்தாங்க மேடம். மாமன் மூக்கு வந்திருச்சே, பாவம்னு சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். அப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அதே பேச்சு. என் மூக்கு போயிட்டா அந்தப் பேச்சும் போயிரும்னு நினைச்சேன். இப்ப அந்த மூக்கோட அவ தனியா இருக்கா."

நான்கு மாதத்துக்கு முன் பூவேந்திரன் இதே மனிதரிடம் சர்க்கரை உண்டா, பீடி உண்டா என்று முப்பது கேள்வி கேட்டிருந்தார். இதை மட்டும் கேட்கவில்லை.

சீவி எடுத்த எலும்பைத் திரும்ப ஒட்ட முடியாது, ஒரு வருடத்துக்கு அந்த மூக்கில் யாரும் கத்தி வைக்கவும் கூடாது என்று சபுரா பொறுமையாகச் சொன்னார். அடுத்து எப்போது நாள் குறித்திருக்கிறது என்று கேட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை என்றாள் செல்வராணி. மூன்றாவது கிடா கட்டியாயிற்றாம்.

அவர்கள் வெளியே போனதும் பூவேந்திரன் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"மாடியில மனநல டாக்டர் இருக்காரே. அவர்கிட்ட அனுப்பிடலாமா மேடம்?"

"அனுப்புங்க. நல்லதுதான்."

சபுரா முத்துக்கருப்பனின் பழைய தாளைத் தேடி எடுத்தார். 'பொருந்தாது' என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேலே 'ஆதிரை' என்று எழுதினார்.

"ஞாயித்துக்கிழமை நீங்களும் போயிட்டு வந்திருங்க சார்."

"காதுகுத்துக்கா? நான் அங்க போய் என்ன செய்யறது?"

"பாப்பாவோட மாமாவைக் காணாம அடிச்சது நீங்கதானே. இவர்தான் உன் மாமான்னு நீங்களே போய்ச் சொல்லி, மடியில உட்கார வச்சிட்டு வாங்க."